லைசோசோமுக்கு நான் சொன்ன உவமை

கரும்பலகை நிறைய அன்று மதுரையை வரைந்து வைத்திருந்தேன்.

கோணல்மாணலாக ஒரு பெரிய வட்டம். அதற்குள் கலெக்டர் ஆபீஸ், மாசி வீதிகள், கரண்டு ஆபீஸ், லாரி செட், ஒரு புரோட்டாக் கடை. ஓரத்தில் நீல சாக்பீஸில் வண்டியூர் தெப்பக்குளம். மதியச் சாப்பாடு முடிந்த முதல் பீரியடு அது. எட்டாம் வகுப்பு அறையில் எலுமிச்சைச் சாதமும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்த ஒரு வாடை. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. நானே போய் அதை நிறுத்தினேன். வீடியோவில் அந்தச் சத்தம் விழுந்துவிடக் கூடாது.

பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பன்னிரண்டு அறிவியல் ஆசிரியர்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செல்போனை நிமிர்த்திப் பிடித்திருந்தார். செயல்விளக்க வகுப்பு என்று அதற்குப் பெயர். ஒருவர் பாடம் நடத்துவார், மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு போவார்கள். அந்த வருடம் நடத்துவதற்கு என்னைச் சொல்லியிருந்தார்கள். புதுச் சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை எழுதிய வாரங்களைத் திருப்பிப் பார்த்தால் எல்லாவற்றிலும் நான் நல்லவளாகவே வந்து போயிருக்கிறேன். மழையில் நனைந்து பள்ளிக்கு வந்த டீச்சர். பசியோடு வந்த பிள்ளைக்குத் தன் டப்பாவைத் திறந்து வைத்த டீச்சர். அதைப் படித்துவிட்டுப் பழைய மாணவிகள் மூன்று பேர் கடிதம் போட்டிருந்தார்கள். "செல் பாடத்தை ஊராக்கிச் சொல்லிக் கொடுத்தீங்களே டீச்சர், அதை எப்ப எழுதுவீங்க?"

எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்டது இதுவாக இருக்காது.

ஊரே ஒரு செல்

நான் படித்த காலத்தில் செல் என்பது புத்தகத்தில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி கிடக்கும். சுற்றிலும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது, பீரோவுக்குள். அந்தப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது நான் பள்ளியை விட்டு வெளியேறும்வரை எனக்குத் தெரியவில்லை. எண்டோபிளாச வலைப்பின்னல் என்று திக்காமல் சொல்லத் தெரிந்தவளுக்கு முழு மதிப்பெண். அந்த வலை எதைப் பிடிக்கிறது என்று எவளும் கேட்டதில்லை.

ஆசிரியை ஆனதும் இதை மாற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பிள்ளைகள் தினமும் பார்க்கிற ஊரை எடுத்து செல்லுக்குள் வைத்தேன்.

செல் சவ்வுதான் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசல். டவுன் பஸ்ஸை உள்ளே விடும், லாரியை விடாது. உட்கரு கலெக்டர் ஆபீஸ், உத்தரவெல்லாம் அங்கிருந்துதான் வரும். மைட்டோகாண்ட்ரியா கரண்டு ஆபீஸ். வலைப்பின்னல் மாசி வீதி. கோல்கை உறுப்பு லாரி செட்டு, பார்சல் கட்டி முகவரி எழுதி அனுப்புகிற இடம். ரைபோசோம் புரோட்டாக் கடை. "புரோட்டாவுக்குப் பதிலா புரோட்டீன் போடுறாங்க" என்றதும் வகுப்பு சிரிப்பில் இரண்டுபடும். நுண்குமிழி தெப்பக்குளம், தண்ணீரைச் சேர்த்து வைக்கும்.

மின்வெட்டு அடிக்கடி இருந்த ஒரு வருடம், பரீட்சையில் ஒரு பெண் "மைட்டோகாண்ட்ரியாவில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்டு இருக்காது" என்று எழுதிவிட்டாள். அதற்கு அரை மதிப்பெண் கொடுத்தேன். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அப்படியொரு பெருமை எனக்கு.

தெப்பக்குளத்துக்குப் போவதற்கு முன்னால் லைசோசோம் வரும். செல்லுக்குள் தேய்ந்துபோனதையும் வேண்டாததையும் கரைத்து அப்புறப்படுத்துகிற சின்னப் பை அது. பாடப் புத்தகத்தில் அதற்குத் 'தற்கொலைப் பைகள்' என்று ஒரு பெயர் போட்டிருப்பார்கள். செல் செத்துப்போகும்போது இந்தப் பைகள் வெடித்து செல்லையே தின்றுவிடும் என்பதால் வந்த பெயர். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகள் முன்னால் அந்த வார்த்தையை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான் தாண்டிப் போய்விடுவேன். 'குப்பை வண்டி' என்று மட்டும் சொல்வேன். ஒரு வார்த்தை பிள்ளைகளைக் காயப்படுத்திவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமான ஆசிரியை நான்.

மூன்றாவது பெஞ்சு

அவள் பெயரைச் சுகன்யா என்று வைத்துக்கொள்கிறேன். அது அவள் பெயர் இல்லை. இந்த அத்தியாயத்தில் பெயர், தெரு, அலுவலகம் எல்லாமே மாற்றி எழுதப்பட்டவை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மூன்றாவது பெஞ்சில் சுவர் ஓரமாக உட்காருவாள். ரெட்டைச் சடை. பென்சிலை பிளேடால் சீவி ஊசி மாதிரி வைத்திருப்பாள். வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் காட்டிய அன்று மற்ற பிள்ளைகள் "ஐ, செங்கல் சுவரு!" என்று கத்திவிட்டு நகர்ந்தார்கள். இவள் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது.

"டீச்சர், உரிச்சுப் போட்ட வெங்காயத்துல இந்த செல்லு இன்னும் உசுரோடதான் இருக்குமா?"

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மறுநாள் சொன்னேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். என்னை வீட்டுக்குப் போய்ப் படிக்க வைத்த பிள்ளைகள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள்.

அவள் வரைந்த படத்தைத்தான் மற்ற வகுப்புகளுக்கும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன். அவளுக்கு ஒரு தோழி இருந்தாள், காவ்யா. இருவரும் ஒரே டப்பாவில் மாறி மாறிச் சாப்பிடுவார்கள். காவ்யாவின் அப்பா ஜவுளிக் கடை வைத்திருந்தார். சுகன்யாவின் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று வகுப்பு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது.

வகுப்பு அப்படி நம்புவது எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

கைதட்டல்

அன்று பாடம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. புரோட்டா சொன்னதும் பின்வரிசை ஆசிரியர்களே சிரித்துவிட்டார்கள். லைசோசோமுக்கு வந்தேன்.

"இம்புட்டுப் பெரிய ஊருல, தினமும் எம்புட்டுக் குப்பை சேரும்? யார் எடுக்குறது?"

"குப்பை வண்டி டீச்சர்!"

"வண்டி தானா வந்து எடுத்துக்கிருமா?"

எப்போதும் இந்த இடத்தில் நானே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அன்று செல்போன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உழைப்பின் மதிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி முடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்த நொடி எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"சுகன்யா, எந்திரி."

எழுந்தாள்.

"உங்க அம்மா என்ன வேலை பாக்குறாங்க? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு வந்தது காவ்யா.

"அவங்க அம்மா நர்ஸு டீச்சர்."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "அப்படியா, சரி உக்காரு" என்று ஒரு வார்த்தை போதும். நான் சிரித்தேன்.

"நர்ஸ் இல்லம்மா. எங்க தெருவையே அவங்கதான் கூட்டுறாங்க. விடியுறதுக்கு முன்னாடி வந்து குப்பையெல்லாம் எடுத்துடுவாங்க. அவங்க இல்லேன்னா எங்க தெரு நாறிப்போயிரும். லைசோசோம் இல்லேன்னா செல்லு செத்துப்போயிரும். இதுல வெக்கப்பட என்ன இருக்கு? பெருமைப்படணும். எல்லாரும் சுகன்யா அம்மாவுக்கு ஒரு கைதட்டு!"

நாற்பது பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வரிசையும் தட்டியது. ஒரு ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுகன்யா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல நான் மறந்துவிட்டேன். நுண்குமிழிக்குப் போய், தெப்பக்குளத்தைக் காட்டி, பாடத்தை முடித்து, மணி அடித்த பிறகுதான் அவள் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

கணக்கு ராஜலட்சுமி டீச்சர் ஆசிரியர் அறையில் வீடியோவைப் பார்த்தார். எல்லோரும் "அருமை" என்று சொல்லி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் புள்ளைகிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டீங்களா டீச்சர்?"

"எதைக் கேக்கணும்?"

"இப்படிச் சொல்லப் போறேன்னு."

"நல்லதைச் சொல்றதுக்கு என்னத்துக்குக் கேக்கணும்?" என்றேன். அவர் பரீட்சைத் தாள் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பம்பாய் அப்பா

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குச் சாதகமாக எதுவும் அதில் இல்லை.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். தூரமாக எங்கும் போகவில்லை. உசிலம்பட்டியிலேயே வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்து, சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை போட்டிருந்தார். அம்மா எங்களிடம் ஒரு பொய்யைச் சொல்லித் தந்தாள். "யாராச்சும் கேட்டா அப்பா பம்பாயில மில்லு வேலைன்னு சொல்லு." பள்ளியில் மூன்று வருடம் அந்தப் பம்பாயை நான் காப்பாற்றினேன். அங்கே கடல் இருக்கிறது, ரயில் இருக்கிறது, அப்பா தீபாவளிக்கு வருவார் என்று கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு படிவம் பூர்த்தி செய்தார்கள். வகுப்பாசிரியர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினார். வாரா வாரம் அவர் சைக்கிளுக்குக் காற்றடிப்பதே என் அப்பாவின் கடையில்தான். அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"அப்பா என்ன பண்றாரு?"

"பம்பாய்ல மில்லு வேலை சார்."

"பம்பாய், மில்" என்று எழுதிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அந்தக் காப்பாற்றலில் வளர்ந்தவள் நான். அப்படிப்பட்டவளுக்கு இன்னொரு பெண்ணின் பொய் எதற்கு இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்?

அந்த வகுப்புக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பால் வாங்க வாசலுக்கு வந்தேன். பாண்டியம்மா, எங்கள் தெருவைக் கூட்டுகிற அம்மா, தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூக்குச்சட்டி கொண்டுவந்திருந்த சிறுமி என்னைப் பார்த்ததும் சட்டென்று வண்டிக்குப் பின்னால் குனிந்துவிட்டாள். ரெட்டைச் சடையில் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

ஆக, அவள் ஒளிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் மறைக்கிறாள் என்று தெரிந்துதான் எழுந்திருக்கச் சொன்னேன். அவளுடைய வெட்கத்தை நான் போக்கிவிடுவேன் என்று நினைத்தேன். பார்க்க ஆள் இருக்கும்போது போக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பாண்டியம்மா வந்தார்

ஒரே வாரத்தில் அவளுக்கு 'லைசோ' என்று பெயர் விழுந்துவிட்டது. "லைசோ, இந்தப் பேப்பரைப் பொறுக்கிப் போடு." "லைசோ வாரா, மூக்கைப் பொத்து." காவ்யா இடம் மாறி முதல் பெஞ்சுக்குப் போனாள். "நர்ஸுன்னு பொய் சொல்லி என் டப்பாவுல சாப்பிட்டுட்டா டீச்சர்" என்று என்னிடமே வந்து புகார் சொன்னாள். பதின்மூன்று வயது. கைதட்டச் சொன்னால் கைதட்டும் வயது, டப்பாவை மூடச் சொன்னால் மூடும் வயது. அவளுக்கு வீட்டில் மூடச் சொல்லியிருந்தார்கள். காரணம் வேலை மட்டும் இல்லை என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாண்டியம்மா ஒரு புதன்கிழமை வந்தார். வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். தலைமை ஆசிரியை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"டீச்சரம்மா மேல குத்தம் சொல்ல வரல பெரிய டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்தப் படத்தை அழிச்சிருங்க. எங்க சூப்பர்வைசர் போன்லகூட வந்திருச்சு."

"டீச்சர் உங்களைப் பத்திப் பெருமையாத்தானம்மா சொல்லியிருக்காங்க" என்றார் தலைமை ஆசிரியை.

"அவுகவுக வீட்டுப் பெருமைய அவுகவுக சொல்லிக்கிரட்டும்மா. என் புள்ள ஒண்ணைச் சொல்லி வச்சிருந்தா. பொய்யிதேன். நான்தேன் சொல்லச் சொன்னேன். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்க ஊர்ல எங்கப்பன் ஆத்தா யாரு வயல்ல வேலை பாத்தாகன்னு ஊருக்கே தெரியும். அதான் இங்க வந்தோம். இங்க ஒரு எடத்துலயாச்சும் என்ன ஏதுன்னு தெரியாம என் புள்ள ஒக்காரட்டும்னு."

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குள் இருந்த வாத்தியார் விடவில்லை.

"நீங்களே உங்க வேலையைக் கேவலமா நினைச்சா எப்படிம்மா?"

பாண்டியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. கொஞ்சம் அசந்துபோன மாதிரி இருந்தது முகம்.

"நான் கேவலமா நினைக்கல டீச்சரம்மா. நினைக்கிறவுக மத்தியில என் புள்ள ஒக்காந்திருக்கா. அம்புட்டுத்தேன்."

வீடியோவை அழிக்க முடியவில்லை. என் செல்போனில் அழித்தேன். எடுத்தவரிடம் சொன்னேன், அவரும் அழித்தார். அதற்குள் எத்தனையோ ஆசிரியர் குழுக்களுக்குப் போய்விட்டிருந்தது. 'கண்ணீர் வரவழைக்கும் வகுப்பறை, கடைசி வரை பாருங்கள்' என்று யாரோ தலைப்பு வைத்திருந்தார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் கூட்ட வேறு ஆள் வந்தார். பாண்டியம்மா வேறு வார்டு கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டதாக அவர் சொன்னார். வருடக் கடைசியில் சுகன்யாவுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு மனு வந்தது. கொட்டாம்பட்டிப் பக்கம் தாய்மாமன் வீட்டில் இருந்து படிக்கப் போகிறாளாம். எந்த ஊரை விட்டு வந்தார்களோ அந்த ஊருக்கே. வகுப்பாசிரியை என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

சால்வை

அதே பாடத்துக்காக எனக்கு மாவட்ட அளவில் ஒரு பாராட்டு கிடைத்தது. எளிய உவமைகள் வழியாக அறிவியல் கற்பித்ததற்காக. மேடையில் பெரிய திரை கட்டி வீடியோவை ஓட்டினார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டச் சொல்லும் இடம் வந்ததும் அரங்கமே தட்டியது. வேண்டாம் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், போய்ச் சால்வையை வாங்கிக்கொண்டு வந்தேன். போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை லைசோசோமுக்கு எந்த உவமையும் சொல்லவில்லை. புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டுப் போவேன். பிள்ளைகள் கேட்டுவிட்டு விழிப்பார்கள். ஒருத்தி கேட்டாள், "டீச்சர், மத்த எல்லாத்துக்கும் ஊரைச் சொன்னீங்க, இதுக்கு மட்டும் ஏன் சொல்லல?" நேரமில்லை என்றேன்.

கொரோனா காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் கூட்டுகிறவர்களை வரிசையாக நிறுத்தி மாலை போட்டார்கள். அதற்குள் அவர்களுக்குத் 'தூய்மைப் பணியாளர்' என்று பெயர் மாறியிருந்தது. கையுறை மட்டும் அப்போதும் பாதிப் பேரிடம் இல்லை. ஓய்வு பெற்ற டீச்சர் என்று என்னை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று மாடியிலேயே நின்றுகொண்டேன். மாலையை வாங்கிய ஒரு அம்மா, "இதை எங்க வைக்கட்டும், வண்டியிலயா?" என்று கேட்டார். படம் பிடித்த செல்போன்கள் அதற்குள் அடுத்தவர் பக்கம் திரும்பியிருந்தன.

வருடத்துக்கு ஒரு நாள்

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு நேரில் போய், உயிரோடு இருக்கிறோம் என்று காட்டிவிட்டு வர வேண்டும். நேர்காணல் என்பார்கள். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு அப்படிப் போயிருந்தபோது கம்ப்யூட்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் ஓய்வூதியப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள், தட்டினாள், கையெழுத்து வாங்கினாள். "முடிஞ்சதும்மா, போகலாம்" என்றாள். பேனாவை நீட்டிய விரல்களுக்குப் பக்கத்தில், பிளேடால் ஊசி மாதிரி சீவி வைத்திருந்த பென்சிலைப் பார்த்தபோதுதான் யாரென்று பட்டது. முகத்தைப் பார்த்தேன். அவள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

மதியம்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். டப்பாவைக் கழுவ அவள் குழாயடிக்கு வந்தாள்.

"சுகன்யா..."

"சொல்லுங்க டீச்சர்." குரலைத் தாழ்த்தியே பேசினாள். "காலையிலயே தெரியும். லிஸ்ட்டுல உங்க பேரு இருந்துச்சு. இங்க வேணாம், அந்தப் பக்கம் வாங்க."

வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"கொட்டாம்பட்டியில மாமா வீட்டுப் பக்கத்துல. வேலைய விட்டுட்டாங்க, இடுப்பு முடியல."

"நீ சயின்ஸ் எடுக்கலையா?"

"காமர்ஸ் படிச்சேன். பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "மாமா ஊரு ஸ்கூல்லயும் அடுத்த வருஷம் சயின்ஸ் கிளாஸ்ல உங்க வீடியோவைப் போட்டாங்க."

கையிலிருந்த ஓய்வூதியப் புத்தகத்தைப் பைக்குள் திணித்தேன்.

"நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு..."

"கேக்காதீங்க டீச்சர்." டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "நீங்க கேட்டா நான் 'பரவால்ல டீச்சர்'னு சொல்லணும். அன்னைக்குக் கைதட்டுனப்ப நான் சிரிச்சிக்கிட்டு நின்னேன்ல, அந்த மாதிரி. வீடியோவுல பாருங்க, சிரிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறேன். பெரியவங்க எல்லாரும் சந்தோசமா இருக்கீங்களேன்னு சிரிச்சேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

மோட்டார் சைக்கிளை எடுக்க யாரோ வந்தார்கள். அவர் போகும்வரை டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போன ஆசிரியர் தினத்துக்கு அது எங்க ஆபீஸ் குரூப்புலயே வந்துச்சு. எல்லாரும் கும்புடுற பொம்மை போட்டிருந்தாங்க. யாரும் என்னைக் கண்டுபிடிக்கல, சின்னப் புள்ள முகம்ல. ஆனா தினமும் அதை நினைச்சிக்கிட்டுத்தான் உள்ள வாரேன்."

"நீ எதுக்குப் பயப்படணும்? இப்ப நீ..."

"வெக்கம் இல்ல டீச்சர். எங்கம்மா கூட்டித்தான் நான் படிச்சேன். அதை யார்கிட்ட, எப்பச் சொல்றதுன்னு நான்ல முடிவு பண்ணணும்?" மணியைப் பார்த்தாள். "நீங்க வருசா வருசம் வருவீங்க. வந்தா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாதீங்க. அம்புட்டுத்தான் நான் கேக்குறது. போறேன்."

போய்விட்டாள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, முதலில் அவள் மேல். மன்னிப்புக் கேட்கக்கூட விடவில்லையே என்று. அந்தக் கோபம் அடங்கி என் பக்கம் திரும்பப் பல மாதங்கள் ஆனது.

இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அவளிடம் கேட்காமல் மறுபடி அவளை எழுப்பி நிறுத்துகிறேனா? கேட்கப் போனால் தெரிந்தவளாகக் காட்டிக்கொண்டதாகிவிடும். அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். என்னுடையதை மட்டும் மாற்றவில்லை. அது போதுமா என்று தெரியவில்லை. போதாது என்றால், அன்று ஊரை வரைந்த கையே இதையும் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருட நேர்காணலுக்கு ராஜலட்சுமி டீச்சரும் நானும் சேர்ந்து போனோம். அவருக்கு முழங்கால் வலி, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர் என் காதருகில் குனிந்தார்.

"கண்ணாடி போட்டிருக்கே, அது நம்ம சுகன்யாதானே டீச்சர்?"

"இல்லையே" என்றேன்.

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். அது வேற யாரோ."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து மருந்துச் சீட்டைத் தேட ஆரம்பித்தார்.

"ஆமா. வேற யாரோதான்."

என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"பேர் சொல்லுங்கம்மா."

சொன்னேன்.